கடுகளவுப் பல்லில் ஒரு வரலாறு

ஹைதராபாத்துக்கு மேற்கே நஸ்கல் என்றொரு சிற்றூர். அங்கே எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஏரிமண் இறுகிக் கிடக்கிறது.

அத்தகைய மண்ணை மாணவப் பருவத்தில் நானும் சலித்திருக்கிறேன். நீரில் ஊறவைத்து, மெல்லிய சல்லடையில் அலசி, காயவைத்து, நுண்ணோக்கியின் கீழே ஈரத் தூரிகையால் பொறுக்க வேண்டும். வீட்டில் அரிசியில் கல் பொறுக்குவது மாதிரிதான்.

முதல் நாளே ஒரு கூரிய பல்லைக் கண்டு, "பாலூட்டி!" என்று துள்ளினேன். ஆசிரியர் சிரித்தார். "ஒத்தைக் கூம்பா இருந்தா பெரும்பாலும் மீன், முதலைதான்பா. பாலூட்டியோட கடைவாய்ப்பல்லுன்னா மேலே பல முகடு இருக்கும், கீழே வேர் பிரிஞ்சிருக்கும், பாரு." வெட்கத்தில் மீதி மண்ணைப் பார்க்காமலே கொட்டிவிட்டேன்.

நஸ்கல் மண்ணில் கிடைத்த அப்படிப்பட்ட கடுகளவுப் பற்களைக் கொண்டுதான் ஜி.வி.ஆர். பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் 1988இல் 'டெக்கனோலெஸ்டெஸ் ஹிஸ்லோபி'யை உலகுக்கு அறிவித்தார்கள். நாக்பூரில் புதைபடிவங்கள் தேடிய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஸ்டீஃபன் ஹிஸ்லாப்பின் நினைவாக வைத்த பெயர் அது. கிரெட்டேசியக் காலத்திலேயே, அதாவது டைனோசர்கள் வாழ்ந்தபோதே, இந்தியாவில் பாலூட்டிகளும் இருந்தன என்பதற்குக் கிடைத்த முதல் சான்றும் அதுவே.

பெரிய எலும்பை மட்டும் தேடியிருந்தால் இந்த வரலாறு சல்லடை ஓட்டை வழியே போயிருக்கும். அன்று நான் கொட்டிய மண்ணில் என்ன இருந்ததோ? இன்றும் மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது.