காதுக்குள் உறவுகள்: செனுவாவின் குரல்களைப் புதுவையிலிருந்து கேட்பது

2017 ஆகஸ்டில் வெளிவந்த 'ஹெல்பிளேடு: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்' என்ற வீடியோ கேமைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரே பாராட்டைத்தான் வெவ்வேறு சொற்களில் தந்திருக்கிறார்கள்: சைக்கோசிஸ் எனப்படும் தீவிர மனநோய்க்கு ஆளானவர் கேட்பதையும் காண்பதையும் அது உள்ளபடியே காட்டிவிட்டது என்று. இந்தப் பாராட்டில் பாதிதான் சரி. செனுவாவின் காதில் விழும் குரல்கள் கதைப்போக்கில் பகையாக வருகின்றன. நாம் கையில் கட்டுப்பாட்டுக் கருவியுடன் ஆடும்போதோ அவை உறவாக நடந்துகொள்கின்றன. அந்த இரண்டாவது முகத்தை விளங்கிக்கொள்ள, விளையாட்டு உருவான கேம்பிரிட்ஜைவிடச் சென்னை நமக்கு அதிகம் உதவும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் விளையாட்டு. காலம் எட்டாம் நூற்றாண்டின் இறுதி. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னி தீவுகளைச் சேர்ந்த பிக்ட் இனப் பெண் செனுவா. அவளுடைய காதலன் டில்லியனை வைக்கிங்குகள் தங்கள் தெய்வங்களுக்குப் பலி கொடுத்துவிடுகிறார்கள். அவன் தலையைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, உயிரை மீட்டுத் தரும்படி ஹெலா என்ற தெய்வத்திடம் கேட்க இறந்தோர் உலகான ஹெல்ஹைமுக்குப் போகிறாள். நிஞ்சா தியரி நிறுவனத்தில் ஏறத்தாழ இருபது பேர் கொண்ட சிறு குழு இதை உருவாக்கியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளநரம்பியல் அறிஞர் பால் ஃபிளெச்சர் ஆலோசகர். வெல்கம் அறக்கட்டளை பொருளுதவி தந்தது. குரல் கேட்கும் அனுபவம் உள்ளவர்களையே அழைத்து, உருவாகிக்கொண்டிருந்த காட்சிகளைக் காட்டி, கருத்துக் கேட்டுத் திருத்தினார்கள். செனுவாவாக நடித்த மெலினா யூர்கென்ஸ் நடிகையே அல்ல. நிறுவனத்தின் வீடியோ எடிட்டரான அவர், சோதனைக்காக நடிக்கவைக்கப்பட்டு அப்படியே நிலைத்துவிட்டவர். 2018இல் இந்த விளையாட்டு பெற்ற ஐந்து பாஃப்டா விருதுகளில் ஒன்று அவருடைய நடிப்புக்கு.

குரல்களைப் பதிவு செய்த முறையில்தான் இதன் வலிமை இருக்கிறது. இரு காதுகள் கேட்பதைப் போலவே ஒலி வாங்கும் மைக்குகளைச் சுற்றி நடந்தபடி நடிகைகள் கிசுகிசுத்தார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒரு குரல் இடக்காதில் ஏளனம் செய்துவிட்டுப் பிடரியைச் சுற்றி வலக்காதுக்கு வருகிறது. அதற்குள் இன்னொன்று முதல் குரலை மறுத்துப் பேசுகிறது. போகாதே என்கிறது ஒன்று, போயேன் என்கிறது மற்றொன்று, இவளால் ஆகாது என்று மூன்றாவது சிரிக்கிறது.

இப்போது சண்டைக் காட்சி ஒன்றைப் பார்ப்போம். திரையில் மீதமுள்ள உயிரைக் காட்டும் பட்டை இல்லை. எதிரி எங்கே நிற்கிறான் என்று காட்டும் குறியும் இல்லை. கேமரா செனுவாவின் தோளை ஒட்டி நிற்பதால் முதுகுப் பக்கம் தெரியாது. எதிரே கோடரியோடு ஒருவனைத் தடுத்துக்கொண்டிருக்கும்போது, இதுவரை ஏளனம் செய்த அதே குரல்களில் ஒன்று பதறிப்போய், பின்னால் வருகிறான் என்று எச்சரிக்கிறது. பொத்தானை அழுத்தி விலகினால் பிழைப்போம். ஆடத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே நம்மை அறியாமல் அந்தக் குரல்களை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். சண்டைக்கு நடுவே அவை ஓய்ந்தால் ஏதோ குறைகிறது. கதையோ இக்குரல்களை இருளின் பகுதியாக, வென்றாக வேண்டிய போரின் பகுதியாகச் சொல்லிக்கொண்டே போகிறது. விமர்சகர்கள் கதையைக் கேட்டார்கள். கை கற்றுக்கொண்டதைக் கவனித்தவர்கள் குறைவு.

இங்கேதான் சென்னை வருகிறது. ஸ்டான்ஃபோர்டு மானிடவியலாளர் தான்யா லுர்மன், சென்னை ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தின் ஆர். பத்மாவதி, ஹேமா தரூர் ஆகியோர் கானா நாட்டு ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2015இல் பிரிட்டிஷ் உளமருத்துவ இதழில் வெளியானது. கலிஃபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களில், இடத்துக்கு இருபது பேர் வீதம், குரல் கேட்கும் நோயாளிகளிடம் அவர்கள் கேட்பதைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். அமெரிக்கர்கள் பலருக்குக் குரல்கள் அந்நியமானவை, வன்முறை பேசுபவை. மூளைக் கோளாறின் அறிகுறி என்றே அவர்கள் அவற்றை அடையாளப்படுத்தினார்கள். போர் என்ற உருவகமும் அவர்களிடம் வந்தது. சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டவை உறவினர் குரல்கள். குளி, சமை, கடைக்குப் போ என்று வேலை ஏவும் குரல்கள். திட்டவும் செய்தன, வழியும் காட்டின.

இருபது பேர் என்பது சிறிய எண்தான். கூட்டாக வாழும் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வருபவருக்குக் குரலும் வீட்டிலிருந்தே வருவதில் வியப்பென்ன என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் அது ஆய்வின் முடிவை உடைக்கவில்லை, உறுதிதான் செய்கிறது. இதைக் கொண்டு நம் பண்பாடு மனநோயை இதமாக்குகிறது என்று மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. மாமியாரின் ஏச்சு இரவும் பகலும் காதுக்குள்ளேயே கேட்டால் அதை யாரும் ஆறுதல் என்று சொல்லமாட்டார்கள்.

ஆய்வு காட்டுவது வேறொன்றை. குரல் எங்கிருந்து பிறந்தாலும், அதனோடு எப்படிப் பழகுவது என்பதை மனிதர் தம்மைச் சுற்றியுள்ள வாழ்க்கையிலிருந்தே கற்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 'ஹெல்பிளேடு' காட்டுவதை மனநோயின் பொது உருவம் என்று கொள்ள முடியாது. தனிமனிதர், அவருடைய மூளை, அதற்குள் ஒரு போர் என்னும் மேற்கத்தியப் புரிதலுக்கு வைக்கிங் உடை அணிவித்த உருவம் அது. ஆனால் அந்த உடைக்குள்ளேயே, திட்டிக்கொண்டே காப்பாற்றும் குரல்களை வைத்த விளையாட்டு வடிவமைப்பு, தன் கதையை மீறிச் சென்னை நோயாளிகளின் அனுபவத்துக்கு அருகில் வந்து நிற்கிறது. புதுவை லாஸ்பேட்டையில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர் இதை ஆடினால், விளையாட்டில் வரும் ரூன் என்ற பழைய எழுத்துகளும் ஹெலாவும் அவருக்கு அயலாக இருக்கலாம். குறை சொல்லிக்கொண்டே, பின்னால் வண்டி வருது பார் என்று கையைப் பிடித்து இழுக்கும் குரல் அயலாக இருக்காது.

உறவினர் குரலே காதில் கேட்கும் இந்த இடத்துக்குத் தமிழ் சினிமா ஒருமுறை வந்து திரும்பிப் போயிருக்கிறது. 2001 நவம்பரில் வெளிவந்த 'ஆளவந்தான்' படத்தில் மனநோய்க்கு ஆளான நந்துவிடம் பேசுவது செத்துப்போன அவனுடைய அம்மா. வன்முறைக் காட்சியில் படம் சட்டென்று கார்ட்டூனாக மாறுவதும் அவன் பார்வைக்குள் நம்மை நிறுத்தும் முயற்சியே. எனினும் அந்த அம்மாவின் குரலுக்குப் படம் கொடுத்த ஒரே வேலை கொலை. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். ஆபத்தானவர் யார், ஆபத்தில் இருந்தவர் யார் என்பதை அந்த ஆண்டின் செய்தித்தாளும் திரையும் நேர்மாறாகச் சொல்லின. சங்கிலியைத் தெளிவாகத் தடைசெய்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 'ஹெல்பிளேடு' வந்த அதே 2017இல். செனுவாவையும் அவளுடைய தந்தை சின்பெல், சாபம் என்று சொல்லி ஊரிலிருந்து விலக்கி வளர்க்கிறார். தாயைத் தெய்வங்களின் பெயரால் எரித்தவரும் அவரே. விளையாட்டில் உண்மையான கொடுமை குரல்களிடமிருந்து வருவதில்லை, வீட்டாரிடமிருந்து வருகிறது. இதை விளையாட்டே சொல்கிறது, போர் உருவகத்தின் இரைச்சலில் அது அமுங்கிவிடுகிறது.

லாஸ்பேட்டையை ஒட்டிய கருவடிக்குப்பத்து மாந்தோப்பைப் பாரதியின் 'குயில் பாட்டு' பிறந்த இடமாகப் புதுவை கொண்டாடுகிறது. அங்கே பறவையின் குரல் பேச்சாகிறது, காதலிக்கிறது, முற்பிறப்பு சொல்கிறது. கடைசியில் கவிஞர் கண்விழித்து, எல்லாம் மாலை நேரத்துக் கற்பனை என்று தெளிந்துவிடுகிறார். அது மனநோய்க் காவியம் அல்ல, அப்படி வாசிப்பது அபத்தம். இங்கே அதை நினைவுகூர்வது அந்த விழிப்பின் பொருட்டு. 'ஹெல்பிளேடு' ஆடுபவருக்கு அந்தக் கதவைத் திறந்துவிடுவதில்லை. எது நடந்தது, எது தோற்றம் என்று கடைசிவரை சொல்லாமலே முடிகிறது. குரல்களும் போவதில்லை, டில்லியனின் தலையைக் கைவிட்டுவிட்டு அவற்றோடுதான் அவள் நடக்கிறாள்.

அதைவிடத் துணிச்சலான ஒரு காரியத்தையும் அது செய்திருக்கிறது. செனுவாவின் கையில் கருமையான அழுகல் ஒன்று படர்கிறது. தோற்கும்போதெல்லாம் அது மேலேறும், தலையை எட்டினால் இதுவரை ஆடியதெல்லாம் அழிந்துபோகும் என்று தொடக்கத்திலேயே திரையில் எச்சரிக்கை வருகிறது. பலர் பதறிப் பதறி ஆடினார்கள். எத்தனை முறை தோற்றாலும் அப்படி எதுவும் அழிவதில்லை என்று பின்னர்தான் தெரிந்தது. சான்றில்லாத ஓர் அச்சத்தை ஆடுபவரே உண்மையென நம்பி, அதற்கேற்ப நடந்துகொள்கிறார். மருட்சி என்று மருத்துவம் சொல்வதற்கு இதைவிட நெருக்கமான செய்முறை விளக்கத்தை நான் கண்டதில்லை. குரல்களுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இந்தப் பொய்க்குக் கிடைத்திருக்க வேண்டும்.

தமிழில் இத்தகைய விளையாட்டு ஒன்று வருமானால் அதற்கு வாளும் கோடரியும் தேவைப்படாது. டொரொன்டோவில் உருவாகி 2023இல் வெளிவந்த 'வெண்பா', புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையையே களமாக்கி, அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டைச் சரிசெய்வதையே புதிராக்கி, அடுத்த ஆண்டு பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும் பெற்றது. அந்த அடுப்படியில் நிற்கும் பெண்ணின் காதில் அத்தையின் குரல் கேட்கட்டும். உப்புப் போட்டாயிற்று என்று ஒருமுறை பொய் சொல்லும். பால் பொங்குது என்று அடுத்த முறை உண்மை சொல்லும். எதை நம்புவது என்பதுதான் ஆட்டம். கேம்பிரிட்ஜில் செய்ததைப் போலவே, அதற்கு முதல் ஆலோசகர்களாக அழைக்கப்பட வேண்டியவர்கள் 2015 ஆய்வில் பெயரில்லாமல் இடம்பெற்ற அந்தச் சென்னைவாசிகள்தாம்.