கேட்காமல் எடுத்த நிலம்: தென் ஆஸ்திரேலியாவின் அணு எதிர்ப்பு வரலாறு

தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் பாலை நிலத்துக்கு அணு இரண்டு முறை வந்தது. 1950களில் பிரிட்டன் தன் அணுகுண்டுகளை அங்கே வெடித்துப் பார்த்தது. 1998 முதல் ஆஸ்திரேலிய அரசு தன் அணுக்கழிவைப் புதைக்க அங்கேயே இடம் தேடியது. இரண்டாவதை எதிர்த்து முன்னால் நின்றவர்கள் முதலாவதை உடலால் அனுபவித்த பூர்வகுடிகள். குண்டு வெடிப்பை அவர்களால் தடுக்க முடியவில்லை. கழிவுக் கிடங்கை ஒரு தடவைக்கு மேல் தடுத்துவிட்டார்கள்.

எதிர்ப்பின் முதல் குரல் குண்டுக்கு முன்பே, ஏவுகணைக்கு எதிராக எழுந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து வூமேராவில் ஏவுகணைச் சோதனைத் தளம் அமைக்க முடிவெடுத்தன. ஏவுகணை பறக்கவேண்டிய பாதை பூர்வகுடிகளின் காப்பு நிலங்களுக்கு மேலே போனது. அடிலெய்டு நகரின் அறுவை மருத்துவரும் எர்னபெல்லா மிஷனை நிறுவியவருமான சார்லஸ் டுகிட் இதைப் பொதுக்கூட்டங்களில் கண்டித்தார். பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியத்தில் வகித்த பதவியையும் துறந்தார். அரசு அசையவில்லை. பாதுகாப்புத் திட்டங்களைப் பேச்சாலோ எழுத்தாலோ தடுக்க முனைவதைக் குற்றமாக்கும் சட்டத்தை 1947இல் நிறைவேற்றியது. அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

1950இல் பிரிட்டன் பிரதமர் அட்லி அணுகுண்டுச் சோதனைக்கு இடம் கேட்டபோது, ஆஸ்திரேலியப் பிரதமர் மென்சிஸ் தன் அமைச்சரவையைக்கூடக் கேட்காமல் சம்மதித்தார். முதல் குண்டு 1952 அக்டோபர் 3 அன்று மேற்குக் கரைக்கு அப்பால் மான்டி பெல்லோ தீவுகளில் வெடித்தது. அடுத்த ஆண்டு தென் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் எமு ஃபீல்டில் இரண்டு, 1956இலும் 1957இலும் மரலிங்காவில் ஏழு. மான்டி பெல்லோவில் மறுபடி நடந்த இரண்டையும் சேர்த்தால் பெரிய வெடிப்புகள் மொத்தம் 12.

இவற்றில் மக்கள் நினைவில் ஆழமாகப் பதிந்தது எமு ஃபீல்டின் முதல் வெடிப்பு. 1953 அக்டோபர் 15 காலையில் நடந்த அந்தச் சோதனைக்கு டோட்டம் 1 என்று பெயர். அங்கிருந்து நூறு மைலுக்கு மேல் வடகிழக்கே வாலட்டின்னா என்ற மேய்ச்சல் பண்ணை. அங்கே முகாமிட்டிருந்த யங்குனிஜட்ஜரா மக்கள் முதலில் நிலம் அதிர்வதை உணர்ந்தார்கள். பிறகு தெற்கிலிருந்து பளபளப்பான கரும்புகை போன்ற ஒன்று மரங்களின் உயரத்தில் ஓசையில்லாமல் உருண்டு வந்தது. பெரியவர்கள் அதைக் கெட்ட ஆவி என்று நினைத்து, ஈட்டி எறியும் பலகைகளை நீட்டித் திசை திருப்பப் பார்த்தார்கள். மணலில் குழி தோண்டிப் பிள்ளைகளை உள்ளே படுக்கவைத்தார்கள். அதன்பின் கண் எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தோலில் புண். அங்கிருந்த சிறுவர்களில் ஒருவர் யாமி லெஸ்டர். சில ஆண்டுகளில் அவருக்கு இரு கண்களிலும் பார்வை போனது.

மக்களைப் பாதுகாக்க என்ன ஏற்பாடு இருந்தது? பல ஆண்டுகள் வால்டர் மெக்டூகல் என்ற ஒரே ஒரு ரோந்து அதிகாரி, ஒரு நாட்டின் அளவுள்ள பாலையில், எப்போதும் நடமாடிக்கொண்டிருக்கும் மக்களைத் தேடி அலைந்தார். ஆபத்து குறித்து அவர் விடாமல் முறையிட்டதற்கு மேலிடத்தில் கிடைத்தது கண்டிப்பு: காமன்வெல்த்தின் நலனைவிட ஒரு கைப்பிடிப் பூர்வகுடிகளின் நலனைப் பெரிதாக எண்ணுகிறார் என்று தலைமை விஞ்ஞானி ஆலன் பியூட்மென்ட் 1956இல் எழுதினார். எச்சரிக்கைப் பலகைகள் ஆங்கிலத்தில் இருந்தன. படிக்க வேண்டியவர்களுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

இந்த ஏற்பாட்டின் தரம் 1957 மே மாதம் வெளிப்பட்டது. ஊல்டியா நீர்ச்சுனையை நோக்கி நடந்து வந்த ஒரு குடும்பம், கணவன், கர்ப்பிணி மனைவி, இரண்டு குழந்தைகள், தங்கள் நாய்களுடன், முந்தைய அக்டோபரில் மார்க்கூ என்ற குண்டு தோண்டிய பள்ளத்தருகே இரவு தங்கியிருந்தது. ஊல்டியா மிஷன் 1952இலேயே மூடப்பட்டு, மக்கள் தெற்கே யலாட்டாவுக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டது அவர்களுக்குத் தெரியாது. படைவீரர்கள் கதிர்வீச்சுமானியால் அவர்களைச் சோதித்து, குளிக்கவைத்து, வண்டியில் ஏற்றி யலாட்டாவுக்கு அனுப்பினார்கள். நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். வேட்டைக்கும் குளிர் இரவுக்கும் துணையான நாய்களை இழந்தது அந்தத் தாயை எவ்வளவு பாதித்தது என்பது பிற்பாடு அவர் சொன்ன சாட்சியத்தில் தெரிந்தது. வயிற்றில் இருந்த குழந்தை இறந்தே பிறந்தது. நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்று வீரர்களுக்கு உத்தரவு.

பெரிய வெடிப்புகள் நின்ற பிறகும் 1963 வரை மரலிங்காவில் ‘சிறு சோதனைகள்’ தொடர்ந்தன. பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது: நீண்டகால நஞ்சு அதிகம் தங்கியது இவற்றால்தான். தரனாக்கி என்ற இடத்தில் மட்டும் சுமார் 22 கிலோ புளூட்டோனியத்தைச் சாதாரண வெடிமருந்தால் சிதறடித்தார்கள். புளூட்டோனியம் 239இன் அரை ஆயுள் 24,000 ஆண்டுகளுக்கு மேல். 1967இல் பிரிட்டிஷ் படையினர் மேல்மண்ணை உழுது புரட்டிப்போட்டு, சுத்தம் செய்தாயிற்று என்று கிளம்பினார்கள்.

விஞ்ஞானிகளுக்குள்ளும் முணுமுணுப்பு இருந்தது. ஆடுமாடுகளின் தைராய்டு சுரப்பியை ஆராய்ந்த ஹெட்லி மார்ஸ்டன், அரசு சொன்னதைவிட மிகப் பரந்த பகுதியில் கதிரியக்கத் தூசு விழுந்திருப்பதைக் கண்டறிந்தார்; சோதனைகளின் பாதுகாப்புக் குழுவோடு மோதினார். ஆனால் அது அறைக்குள் நடந்த சண்டை. வெளியே சொன்னவர், மரலிங்காவில் விமானப்படை வீரராக வேலை பார்த்த அவான் ஹட்சன். புளூட்டோனியம் அங்கே கிடப்பதை 1976இல் அவர் பகிரங்கமாக்கினார்.

திருப்பம் 1980இல் வந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பூர்வகுடி மேம்பாட்டுப் பணியிலும் மொழிபெயர்ப்பிலும் இருந்த யாமி லெஸ்டர், பாதுகாப்புக் குழுவின் முன்னாள் தலைவர் எர்னஸ்ட் டிட்டர்டன் வானொலியில் சோதனைகளை நியாயப்படுத்திப் பேசியதைக் கேட்டார். தன் பிள்ளைப்பருவத்துக் கரும்புகையைப் பற்றி அவர் ஒரு நாளிதழுக்குச் சொன்னார். முன்னாள் வீரர்களும் பூர்வகுடிகளும் தனித்தனியே சொல்லிவந்த கதைகள் ஒன்றுசேர, அரசு 1984இல் நீதிபதி ஜேம்ஸ் மெக்லெலண்ட் தலைமையில் அரச விசாரணை ஆணையத்தை அமைத்தது. ஆணையம் நகரத்து நீதிமன்ற அறைகளில் மட்டும் உட்காரவில்லை. பாலைக்கே போய் மண்ணில் அமர்ந்து சாட்சியம் கேட்டது, லண்டனுக்கும் போனது.

1985இல் வெளியான அறிக்கை, டோட்டம் 1 வெடிக்கப்பட்டபோது இருந்த காற்று, ஏற்கத்தகாத அளவுக்குத் தூசு விழும் என்று முன்பே ஓர் ஆய்வு எச்சரித்த வகையானது என்றும், வாலட்டின்னா மக்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்றும் கூறியது. கரும்புகை வந்தது உண்மை என்று ஏற்றுக்கொண்டது. நிரந்தர நோய்கள் அதனால் வந்தனவா என்று முடிவுசெய்யச் சான்று போதாது என்றது. லெஸ்டரின் கண்களுக்கும் அதே பதில்தான். முப்பது ஆண்டுகளாக மருத்துவப் பதிவே வைக்காதவர்கள், பிறகு சான்று போதாது என்பது எளிது; ஆனாலும் ‘பழங்குடிக் கற்பனை’ என்று ஒதுக்கப்பட்ட ஒன்று அரசு ஆவணத்தில் உண்மையாக ஏறியது சிறிய காரியமல்ல.

1984இன் சட்டப்படி அந்தப் பகுதிக்கு உரியவர்களான மரலிங்கா ஜருட்ஜா மக்களுக்குத் தம் நிலத்தின் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. சோதனைக்களம் மட்டும் கிடைக்கவில்லை. அவர்களின் நிர்வாகி ஆர்ச்சி பார்ட்டனும் மூத்தோரும் 1991இல் மரலிங்கா மண்ணையே எடுத்துக்கொண்டு லண்டன் போய்ப் பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் முன் முறையிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துத் துப்புரவுக்காகப் பிரிட்டன் 2 கோடி பவுண்டு தர ஒத்துக்கொண்டது. 1994இல் அந்த மக்களுக்கு 1.35 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வந்தது. பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவான துப்புரவு 2000இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. நச்சு மண்ணை மின்சாரத்தால் உருக்கிக் கண்ணாடிப் பாறையாக்கும் முறை, 1999இல் ஒரு குழி வெடித்ததும் கைவிடப்பட்டது; மீதியை அப்படியே புதைத்தார்கள். அந்தத் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் ஆலன் பார்கின்சன் அதையே கடுமையாகச் சாடி 2007இல் புத்தகம் எழுதினார். சோதனைக்களம் 2009இல் உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தரனாக்கியைச் சுற்றி வேட்டையாடலாம், கடந்து போகலாம், குடியிருக்கக் கூடாது.

மரலிங்காவில் துப்புரவு நடந்துகொண்டிருந்தபோதே, 1998இல், மத்திய அரசு நாட்டின் அணுக்கழிவுக் கிடங்குக்குத் தென் ஆஸ்திரேலியாவின் பில்லா கலினா வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தது. சிட்னி லூகாஸ் ஹைட்ஸ் அணு உலையின் கழிவும், மருத்துவமனை, ஆய்வகக் கழிவுகளும் இங்கே வரவேண்டும். ஆள் இல்லாத வறண்ட நிலம் என்பது அரசின் கணக்கு.

அந்த ‘ஆள் இல்லாத’ நிலத்தின் பெண்கள் கூபர் பீடி ஊரில் குபா பிட்டி குங்கா ஜுட்டா என்ற மூத்தோர் அவையாக ஏற்கெனவே கூடியிருந்தார்கள். ஆன்டிகரிங்யா, யங்குனிஜட்ஜரா, கொக்காதா பெண்கள் தங்கள் பாட்டையும் சடங்கையும் பேத்திகளுக்குச் சொல்லிக்கொடுக்க 1990களின் நடுவில் தொடங்கிய அவை அது. அவர்கள் காக்கும் கதைகளில் முதன்மையானது ஏழு சகோதரிகளின் பயணம். வானத்தில் அந்தச் சகோதரிகள் தமிழர் கார்த்திகை மீன் என்று சொல்லும் கூட்டம். கதையின் ஒவ்வொரு கட்டமும் ஒரு குன்று, ஒரு சுனை. கிடங்கு தோண்டும் இடம் இவர்களுக்கு வெற்றிடமாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

அவர்களின் இயக்கத்துக்கு இராட்டி வான்ட்டி என்று பெயர்: நஞ்சு, விட்டுவிடு என்று பொருள். பலருக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய கடிதங்கள் அமைச்சர்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் போயின. மெல்போர்னிலிருந்து இளம்பெண்கள் வந்து அலுவலக வேலையை ஏற்றுக்கொண்டார்கள். பாட்டிகள் அவர்களைப் புதர்க்காட்டுக்கு அழைத்துப்போய் நிலத்தைக் காட்டினார்கள். பாலைக்கு அடியில் நீர் இருக்கிறது, உடும்பும் கங்காருவும் அந்த நீரை நம்பியிருக்கின்றன, கழிவு கசிந்தால் எல்லாம் போயிற்று: இதுதான் அவர்கள் வாதம். அதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டியது 1953இன் கரும்புகை. குண்டு காலத்திலும் ஆபத்தில்லை என்றுதானே சொன்னார்கள் என்று கேட்டபோது அரசிடம் பதில் இருக்கவில்லை.

அவையின் மூத்தவர்களான ஐலீன் கம்பகூட்டா பிரவுனும் ஐலீன் வானி விங்ஃபீல்டும் 2003இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருதைப் பெற்றார்கள். விங்ஃபீல்டுக்குப் போராட்டம் புதிதல்ல. 1980களின் தொடக்கத்தில் ஒலிம்பிக் டாம் யுரேனியச் சுரங்கத்துக்கு எதிராக மண் அள்ளும் இயந்திரங்களின் முன் படுத்தவர்.

அதே 2003 ஜூலையில் மத்திய அரசு வூமேரா அருகே நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. மைக் ரான் தலைமையிலான மாநில அரசு அந்த இடத்தைப் பொதுப் பூங்காவாக அறிவித்துத் தடுக்க முயன்றுகொண்டிருந்தது. அதை முந்தவே அவசர அதிகாரம் பயன்படுத்தப்பட்டது. அந்த அவசரம் செல்லாது என்று ஃபெடரல் நீதிமன்றம் 2004 ஜூனில் தீர்ப்பளித்தது. தேர்தல் நெருங்கிய வேளை. ஜூலை 14 அன்று பிரதமர் ஹோவர்டின் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

பிறகு கிடங்குக்கு வடக்கு ஆட்சிப்பகுதியில் மக்காட்டி நிலம் 2007இல் முன்மொழியப்பட்டது. சம்மதித்தவர்கள் உரியவர்கள்தானா என்ற வழக்கு நடக்கும்போதே 2014இல் அந்த முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. உலக நாடுகளின் அணுக்கழிவையே காசுக்கு வாங்கி வைக்கலாம் என்று தென் ஆஸ்திரேலியாவின் ஓர் ஆணையம் 2016இல் பரிந்துரைக்க, சுமார் 350 குடிமக்கள் கொண்ட மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த நிலையிலும் வேண்டாம் என்றார்கள்.

அடுத்தது தென் ஆஸ்திரேலியாவின் கிம்பா, கோதுமை விளையும் ஊர். 2019 வாக்கெடுப்பில் 61.6 விழுக்காட்டினர் கிடங்கை ஆதரித்தார்கள், ஊர் இரண்டுபட்டது. நிலவுரிமை பெற்ற பார்ங்கர்லா மக்களில் பெரும்பாலோர் ஊராட்சி எல்லைக்குள் வசிக்கவில்லை என்பதால் அவர்களுக்கு வாக்கு இல்லை. அவர்கள் தனியாக நடத்திய வாக்கெடுப்பில் எதிர்ப்பு 83, ஆதரவு பூச்சியம். 2021இல் மத்திய அமைச்சர் கீத் பிட் கிடங்குக்கான இடமாக நபாண்டீ என்ற பண்ணையை அறிவித்தார். அமைச்சர் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டதாகக் கருத இடமிருக்கிறது என்று சொல்லி, நீதிபதி நடாலி சார்ல்ஸ்வர்த் 2023 ஜூலையில் அந்த அறிவிப்பை ரத்து செய்தார். அரசு மேல்முறையீடு செய்யவில்லை.

இந்த வழக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. நீதிமன்றங்கள் கதிர்வீச்சின் தீங்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவே இல்லை. அரசு தோற்றது முறையில்: அவசரப்பட்டது, மனத்தைத் திறந்து கேட்கவில்லை. மக்காட்டியில் வழக்கே யாரைக் கேட்டார்கள் என்பதில்தான். மென்சிஸ் காலத்தில் எந்தச் செலவும் இல்லாமல் செய்ய முடிந்ததை, விசாரணை ஆணையமும் நிலவுரிமைச் சட்டமும் வந்த பிறகு செய்ய முடியவில்லை.

லெஸ்டர் 2017 ஜூலையில் காலமானார். அதே மாதம் ஐ.நா. சபையில் ஏற்கப்பட்ட அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் முகவுரை, அணு ஆயுதச் செயல்களால் பூர்வகுடிகள் அளவுக்கு மிஞ்சிப் பாதிக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. அதற்கான பேச்சுவார்த்தையில் அவர் மகள் கரீனா லெஸ்டரும் பேசினார். ஒப்பந்தம் 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆஸ்திரேலியா அதில் கையெழுத்திடவில்லை. அணுவிசை நீர்மூழ்கிக் கப்பல்களை வாங்கும் ஆக்கஸ் உடன்பாட்டால், அந்த உலைகளின் உயர்நிலைக் கழிவையும் இனி ஆஸ்திரேலியாவே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இடம் முடிவாகவில்லை. 1998 முதல் தென் ஆஸ்திரேலியாவில் கிடங்கு தேடப்பட்ட கழிவும் லூகாஸ் ஹைட்ஸ், மருத்துவமனை, ஆய்வகச் சேமிப்பறைகள் போன்ற இடங்களிலேயே இருக்கிறது.