காப்பிக் கடையின் பெயர்ப் பலகை

காப்பிக் கடை தொடங்குவோர் பாலுக்கும் கொட்டைக்கும் ஏற்பாடு செய்துவிடுகின்றனர், பெயரிடும்போதுதான் தடுமாறுகின்றனர். குழந்தைக்குப் பெயரிடப் பாட்டன் பெயர் உதவும். கடைக்குப் பாட்டன் ஏது?

தமிழகத்தில் முதலில் பரவிய பெயர்களுள் ஒன்று ‘காப்பி கிளப்’. கிளப் என்பது வெள்ளையர் கூடிப் பொழுது போக்கிய மன்றம். உறுப்பினரல்லாதார் உள்ளே நுழைய இயலாது. அச்சொல்லை நம்மவர், காசு கொடுத்த எவரும் அமரக்கூடிய கடைக்கு வைத்தனர். அடுத்து ‘விலாஸ்’ வந்தது, ‘பவன்’ வந்தது. ‘கபே’யும் வந்தது, பிரெஞ்சு மொழியில் அதற்கே காப்பி என்றுதான் பொருள். ஆகவே ‘காப்பி கபே’ என்று எழுதினவர் காப்பிக்குக் காப்பியையே அடைமொழியாக்கினார்!

காசு கொடுத்த எவரும் என்றேன். அது முழு உண்மையன்று. பல பலகைகளில் ‘பிராமணாள்’ என்னும் சொல் இருந்தது. சமைப்பவர் இன்னார் என்பதை மட்டும் அது குறிக்கவில்லை. உண்பவர்க்கும் சாதிவாரியாக இடம் பிரித்த கடைகள் இருந்தன. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் அப்பிரிவினை 1941இல் நீங்கிற்று. 1950ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் உணவு விடுதிகளின் கதவை எல்லார்க்கும் திறந்தது. பலகையை மட்டும் அது தொடவில்லை.

1957ஆம் ஆண்டு மே மாதம், சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் கடையின் முன் பெரியார் ஈ.வெ.ரா. மறியலைத் தொடங்கினார். மாதக்கணக்கில் நாள்தோறும் தொண்டர்கள் வந்து கைதாயினர். ‘கடை எமது, பெயரும் எமது, சைவச் சமையலுக்கு இது அடையாளம்’ என்பது ஒரு சாரார் வாதம். ‘ஒரு கடை தன்னை இவ்வாறு அழைத்துக்கொண்டால், வெளியே நிற்பவரைச் சொல்லாமலே சூத்திரன் என்று அழைத்ததாகும்’ என்பது மறுசாரார் வாதம். பின்னதுதான் எனக்கு வலுவாகப் படுகிறது. சைவம் என்று சொல்ல ‘சைவம்’ என்ற சொல்லே போதுமே! 1958இல் அப்பலகை மாறிற்று.

பின்னர் ‘உயர்தர சைவ உணவகம்’ எங்கும் பரவியது. சாதி நின்ற இடத்தில் தரம் வந்து நின்றது. இக்காலத்தில் ஊரும் வந்து நிற்கிறது. நெடுஞ்சாலையெங்கும் ‘கும்பகோணம் டிகிரி காப்பி’. பித்தளை டவராவில் நுரை பொங்க வருகிறது. அவற்றுள் எத்தனை கடைகள் காவிரிக் கரையைக் கண்டனவோ! இப்பெயரால் எவர் மனமும் புண்படாது. சுவையில் ஏமாறலாம், அவ்வளவே.

பழைய பெயரும் முற்றும் மறைந்துவிடவில்லை. 2012இல் திருவரங்கத்தில் ஒரு கடைப் பலகையில் அச்சொல் மீண்டும் தோன்றியது. அரை நூற்றாண்டுக்கு முந்திய அதே வாதங்கள் மீண்டும் வீதிக்கு வந்தன.