லயத்துக் காம்பராவுக்கு என்ன விலை?

வீடு விக்கிறதுக்கு முன்னால மதிப்பீட்டாளரக் கூப்பிட்டா, அவர் உறுதியையும் நில அளவைப் படத்தையும் கேப்பார். பக்கத்துக் காணி பேர்ச்சஸ் என்ன விலைக்குப் போச்சுன்னு விசாரிப்பார். கேகாலை டவுன்ல இது சாதாரண வேலை. அதே மாவட்டத்து றப்பர் தோட்டத்து லயத்துல முதல் கேள்வியே இடிக்கும்: உறுதி எங்க?

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கியது. ஆட்களுக்குக் கணக்கு இருந்தது, அவர்கள் விட்டுப்போன வீடுகளுக்கு இல்லை. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த காம்பராவை ஒரு சதத்துக்கும் விற்கவில்லை. விற்க முடிந்தது ஆடு மாடு, பித்தளைக் குடம், கட்டில். அதுக்கும் அவசர விலைதான்.

1972 காணிச் சீர்திருத்தச் சட்டத்தை 1975ல் திருத்தி, கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. அப்போது நட்டஈட்டுக்காக மதிப்பீடு பார்த்தார்கள். ஆனால் அந்த நட்டஈடு தோட்டச் சொந்தக்காரருக்கு. இஸ்தோப்பை அடைத்துக் குசினி கட்டின கைக்காசு எந்த ஏட்டில் ஏறியிருக்கும்?

1992ல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்குப் போனது, காணி அரசிடமே நின்றது. பிறகு 7 பேர்ச்சஸ் பேச்சு வந்தது. ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ், நீங்களே பிரிச்சுப் பாருங்க. பத்திரம் கைக்கு வந்தவங்க, விக்கலாமா, அடகு வைக்கலாமான்னு அதுல எழுதியிருக்கிற நிபந்தனைய முதல்ல வாசிங்க. சுவரையும் கூரையையும் பார்க்கிறதுக்கு முந்தி மதிப்பீட்டாளர் பார்க்கிறதும் அதைத்தான்.