முயலகனும் வேலூர் மருத்துவர்களும்

கூத்தப்பிரானின் வலக்காலடியில் கிடக்கும் குறள் உருவத்துக்கு முயலகன் என்று பெயர். வடமொழியார் அவனை அபஸ்மாரன் என்பர். அபஸ்மாரம் என்பது ஆயுர்வேதத்தில் வலிப்பு நோயின் பெயர். தமிழ் அகராதிகளும் முயலகனுக்கு வலிப்பு நோய் வகை என்றொரு பொருளைத் தருகின்றன. கொல்லி மழவனின் மகளைப் பற்றிய அந்நோயைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடித் தீர்த்ததைச் சேக்கிழார் விரித்துரைக்கிறார். மருத்துவரும் மந்திரிகரும் கைவிட்ட பிறகு, பெற்ற மகளைக் கோயில் வாயிலில் கிடத்திவிட்டு நிற்கும் ஒரு சிற்றரசனின் கையறுநிலை அது.

ஆம்பூரில் இப்பகுதியைப் பாடம் நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஓர் அமைதி விழுவதை நாம் கண்டிருக்கிறோம். யாரேனும் ஒருவருக்குத் தம்பியோ, சித்தி மகளோ நினைவுக்கு வந்துவிடுகிறது. தோல் பதனிடும் ஊர் இது. வலிப்புக் கண்டவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதோடு, மூக்கருகே தோல் செருப்பை நீட்டுவதும் இங்கே உண்டு. இரண்டாலும் பயனில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்குகின்றன. பெயர் செருப்புக்குப் போய்விடுகிறது.

இவ்வூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கும் வேலூரில்தான் இந்நோயின் இந்திய வரலாறு திசை திரும்பியது என்பதை நம் மாணவர்களில் பலர் அறிந்திருக்கவில்லை. ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனைதான் பின்னாளில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1947இல்தான் அக்கல்லூரியில் ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். அதற்கு இரண்டாண்டு கழித்து, 1949இல், டாக்டர் ஜேக்கப் சாண்டி அங்கே நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அப்படியொரு துறை அதற்கு முன் இல்லை. சாண்டி கேரளத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பஹ்ரைனில் மிஷன் மருத்துவமனையொன்றில் பணியாற்றியபின் அமெரிக்காவுக்கும், அங்கிருந்து கனடாவின் மாண்ட்ரியலுக்கும் சென்றார். மாண்ட்ரியலில் அவருக்கு வாய்த்த ஆசான் வைல்டர் பென்ஃபீல்ட்.

பென்ஃபீல்டின் முறை இன்று கேட்டாலும் வியப்பூட்டுவது. மூளைத் திசுவுக்கு வலி உணர்வு கிடையாது. ஆகவே தலையோட்டைத் திறந்தபின் நோயாளியை விழிப்பு நிலையிலேயே வைத்து, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டுத் தொட்டு, எது கையை அசைக்கிறது, எது பேச்சை நிறுத்துகிறது என்று வரைபடம் போல் குறித்துக்கொள்வார். வலிப்புக்கு மூலமான இடத்தை அகற்ற வேண்டும். பேச்சும் கைகாலும் போய்விடக் கூடாது. இந்தக் கல்வியோடுதான் சாண்டி வேலூருக்கு வந்தார். 1952இல், குழந்தைப் பருவத்திலேயே வலப்பக்கம் செயலிழந்து, மருந்துக்கு அடங்காத வலிப்போடு வாழ்ந்த 19 வயது இளைஞருக்கு அவர் அறுவை செய்தார். திறந்த மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து வழிகாட்டியவர் நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங். இந்தியாவில் வலிப்பு நோய்க்காகச் செய்யப்பட்ட முதல் அறுவை சிகிச்சை அது. முந்தைய ஆண்டில்தான் இவ்விருவரும் சென்னையின் பி. ராமமூர்த்தி, எஸ். டி. நரசிம்மன் ஆகியோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவியிருந்தனர்.

மூளைக்கட்டிகளின் கதை இத்தனை ஒளி பொருந்தியதன்று. குழந்தைகளுக்கு வரும் கட்டிகளில் பல, தலையின் பின்புறத்தில், சிறுமூளையை ஒட்டி வளர்பவை. விடியற்காலை வாந்தி, தலைவலி, நடையில் தள்ளாட்டம் என்று தொடங்கும். வயிற்றுக் கோளாறு என்று மாதக்கணக்கில் வைத்தியம் நடக்கும். மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, காற்றின் நிழல் விலகியிருப்பதைக் கொண்டு கட்டி இருக்குமிடத்தை ஊகித்த காலம் அது. குழந்தைக்கு அந்தச் சோதனையே ஒரு வாதை. 1971இல் இலண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன் அந்த வாதையைப் படிப்படியாக முடித்துவைத்தது.

ஆனால் ஸ்கேன் ஒரு புதுக் குழப்பத்தையும் கொண்டுவந்தது. நம் நாட்டில் வலிப்போடு வந்த சிறுவர், இளைஞர் பலரின் படங்களில் ஒரே ஒரு சிறிய வெண்புள்ளி தெரிந்தது. காசநோய் மிகுந்த நாடு; எனவே அது காசநோய்க் கட்டியாகத்தான் இருக்கும் என்று கொண்டு, திசுவைப் பார்க்காமலேயே மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்துவந்தனர். வேலூரில் ஜேக்கப் சாண்டியின் மகன் மேத்யூ சாண்டியும், வேதாந்தம் ராஜசேகரும், அவர்தம் குழுவினரும் அந்தப் புள்ளிகளை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தனர். பெரும்பாலானவை காசநோய் அல்ல. நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி, மடிந்துகொண்டிருந்த சுவடுகள். 1989இல் லான்செட் இதழில் இது வெளியாயிற்று.

நாம் இவ்வரலாற்றில் மிகவும் மதிப்பது இதன் அடுத்த கட்டத்தை. புள்ளி 20 மில்லிமீட்டருக்குள் இருந்து, மூளையில் அழுத்தம் மிகாமல், கைகால் வலுவிழப்பு வளராமல் இருந்தால், தலையைத் திறக்கவே வேண்டாம் என்று அவர்கள் விதி வகுத்தனர். வலிப்பு மாத்திரையைக் கொடுத்துக் காத்திருந்து மீண்டும் படம் எடுத்தால் போதும். புள்ளி பெரும்பாலும் தானே மறையும். அறுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், எப்போது அறுக்கக் கூடாது என்பதை எழுதிவைத்தார்கள். தொழில் அறம் பற்றி எத்தனையோ நூல்களைக் கற்பிக்கிறோம். இதைப் பாடத்தில் வைத்தவர் எவருமில்லை.

பின்னர் வேலூர் வட்டாரத்தின் ஊர்களிலும் நகரத்திலும் 50 ஆயிரம் பேருக்கு மேல் கணக்கெடுத்து அவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரத்துக்கு ஏறத்தாழ நால்வருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு. இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். பன்றி இறைச்சியைத் தொடாத குடும்பங்கள் மிகுந்த ஊர் ஆம்பூர். 'நமக்கு எப்படி வரும்?' என்று கேட்பார்கள். இறைச்சியால் வருவது குடலில் வாழும் நாடாப்புழு. மூளைக்குப் போவதோ அப்புழுவின் முட்டையிலிருந்து வெளிப்படுவது. புழு உள்ளவரின் மலத்தோடு வெளியேறும் முட்டை, தண்ணீர் வழியாகவோ, கழுவாத கீரை வழியாகவோ, கழுவாத கை வழியாகவோ யார் வயிற்றுக்கும் போகலாம். சைவ உணவினரும் தப்புவதில்லை. பாலாற்றுக்கு நேர்ந்ததற்குத் தோல் தொழிற்சாலைகளைக் குறை சொல்வது நியாயமே. ஆனால் இந்த நோய்க்குக் காரணம் கழிப்பறை இல்லாமையே.

சட்டமும் மெதுவாகவே நகர்ந்தது. வலிப்பு நோயுள்ளவருக்குத் திருமணத் தகுதியில்லை என்ற கருத்துக்கு இந்துத் திருமணச் சட்டம் 1999 வரை இடமளித்திருந்தது. அவ்வாண்டுத் திருத்தத்தில்தான் அச்சொல் நீக்கப்பட்டது.

நம் தெருவில் ஒரு சிறுமி இருந்தாள். பள்ளி இறைவணக்கத்தின்போது விழுந்தாள். மறுநாளிலிருந்து அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் தாயார் முதலில் மந்திரித்தார். பிறகு வேலூருக்கு அழைத்துச் சென்றார். படத்தில் அந்த ஒற்றைப் புள்ளி இருந்தது. தலையைத் திறக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னபோது அந்தத் தாய் நம்பவில்லை, 'கைவிட்டுட்டாங்களா சார்?' என்று நம்மிடம் வந்து கேட்டார். ஓராண்டு கழித்து எடுத்த படத்தில் புள்ளி இல்லை. வேண்டிக்கொண்டபடி மகளுக்கு மொட்டை போட்டார்; மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையையும் நிறுத்தவில்லை.