பால் பண்ணை நிலத்தில் விளைந்த வரி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், லவுடன் கவுன்ட்டியில் வீடு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு தவணையாகச் சொத்து வரி கட்டுகிறோம். ஜூன் 5 ஒன்று, டிசம்பர் 5 மற்றொன்று. 2010இல் வீட்டின் மதிப்பில் 100 டாலருக்கு 1 டாலர் 30 சென்ட் வரி. 2025இல் அது 80.5 சென்ட். வீட்டு மதிப்பு ஏறிக்கொண்டே வந்ததால் கட்டும் தொகை குறைந்துவிடவில்லை. ஆனாலும் பள்ளி, சாலை, தீயணைப்பு என்று எதையும் சுருக்காமல் விகிதத்தை இவ்வளவு இறக்க முடிந்த ஊர்கள் குறைவு. அந்தச் சுமையை வாங்கிக்கொண்டவை டேட்டா சென்டர்கள். என் வீடிருக்கும் ஆஷ்பர்னைச் சுற்றி அவை நிற்கின்றன. கவுன்ட்டி முழுவதும் எண்ணினால் இருநூறை ஒட்டி வரும்.

அவற்றில் ஒன்றில் நான் நெடுங்காலம் வேலை பார்த்தேன். சர்வர்களை இயக்கும் வேலை இல்லை, கணக்கு வேலை. லாரியில் வந்து இறங்கும் ஒவ்வொரு சர்வருக்கும் எண் ஒட்டி, வாங்கிய விலையையும் தேதியையும் சொத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஆண்டுதோறும் அந்தப் பட்டியல் கவுன்ட்டியின் வருவாய் ஆணையருக்குப் போகும். வர்ஜீனியாவில் அந்தப் பதவிக்கு ஆளை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த ஊரின் வரி எங்கிருந்து வருகிறது, யாரை விட்டுவிட்டுப் போகிறது என்பதை நான் கற்றது அந்தப் பதிவேட்டில்தான். அதனால் இதன் வரலாற்றைச் சொல்லும் கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

லவுடன் 1757இல் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியிலிருந்து பிரிந்தது. கோதுமையும் சோளமும் விளைந்த மண்; பின்னாளில் பால் பண்ணைகள். ஆஷ்பர்னுக்கு 1896 வரை ஃபார்ம்வெல் என்று பெயர். ஊர் நடுவே ரயில் ஓடியது. 1968இல் அந்தப் பாதை மூடப்பட்டபோது தண்டவாளம் கிடந்த நிலத்தை மின்சாரக் கம்பெனி வாங்கியது. இன்று அதே தடத்தில் கீழே மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள். மேலே உயர் அழுத்த மின்கம்பிகள் போகின்றன. மாலை நடைக்கு நான் போவதும் அங்கேதான். ரயில் போன வழியில் மின்சாரம் வந்தது பிற்காலத்தில் எவ்வளவு பெரிய வசதியாகும் என்று அன்றைக்கு யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

1960இல் கவுன்ட்டி முழுவதும் 24,549 பேர். 1962இல் வாஷிங்டனுக்கான டல்லஸ் விமான நிலையம் திறந்தது. அதே காலத்தில் பக்கத்தில் ஸ்டெர்லிங் பார்க் எழுந்தது. தொழிலாளி குடும்பம் வாங்கக்கூடிய விலையில் பண்ணை நிலத்தில் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகள். கறுப்பின மக்களுக்கு அங்கே வீடு விற்க மறுத்தார்கள். அறுபதுகளின் நடுவில் அதை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. இந்த ஊரில் யார் குடியிருக்கலாம் என்ற கேள்வி டேட்டா சென்டருக்கு மிகவும் முந்தியது.

இன்டர்நெட் இங்கே வந்ததற்கு ஒரு வாகன நிறுத்துமிடம் காரணம். 1992இல் பக்கத்துக் கவுன்ட்டியின் டைசன்ஸ் பகுதியில் சில நெட்வொர்க் கம்பெனிகள் தங்கள் இணைப்புகளை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தன. மே-ஈஸ்ட் என்று அதற்குப் பெயர். ஓர் அலுவலகக் கட்டடத்தின் கார் நிறுத்தும் தளத்தில் தடுப்புச் சுவர் எழுப்பிய ஓர் அறை, அவ்வளவுதான். அன்றைய இன்டர்நெட் போக்குவரத்தில் பெரும் பங்கு அதன் வழியாகப் போனது. 1996இல் இன்டர்நெட் கம்பெனியான ஏஓஎல் தன் தலைமையகத்தை லவுடனுக்கு மாற்றியது. தொலைத்தொடர்புக் கம்பெனியான வேர்ல்ட்காம் ஆஷ்பர்னில் பெரிய வளாகம் கட்டியது. 1998இல் தொடங்கிய ஈக்வினிக்ஸ் அடுத்த ஆண்டே தன் இணைப்பு மையத்தை இங்கே திறந்தது. எல்லாக் கம்பெனிகளின் ஃபைபரும் வந்து முடியும் இடத்துக்கு அருகே சர்வரை வைப்பதுதான் லாபம் என்பதால், ஒன்றன் பின் ஒன்றாக மற்றவர்களும் வந்தார்கள். நிலம் சமமானது, மின்சாரம் மலிவு, தலைநகரம் பக்கத்தில்.

இன்டர்நெட் கம்பெனிகள் விழுந்த டாட்காம் சரிவில் எல்லாம் நின்றது. 2002இல் வேர்ல்ட்காம் திவாலானது. பூமிக்குள் புதைத்த ஃபைபர் மட்டும் பயன்படாமல் கிடந்தது. இதற்கிடையே கவுன்ட்டியின் மக்கள்தொகை 2000இல் 1,69,599 ஆகி, 2010இல் 3,12,311ஐத் தொட்டது. புது வீடு ஒவ்வொன்றும் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறது. அதற்கான செலவில் பெரும்பகுதியை வீட்டு வரியிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. 2008 நெருக்கடியில் வீட்டு விலை விழுந்ததும் வருவாய் விழுந்தது, விகிதத்தை ஏற்றினார்கள். ஆரம்பத்தில் சொன்ன 1 டாலர் 30 சென்ட் அப்படி வந்ததுதான்.

அந்தச் சமயத்தில் இரண்டு முடிவுகள் ஒன்று சேர்ந்தன. 2007இல் பொருளாதார வளர்ச்சித் துறைக்கு வந்த பட்டி ரைசர் என்ற அதிகாரி டேட்டா சென்டர்களைத் தேடித் தேடி அழைத்தார். 2008இல் மாநிலச் சட்டமன்றம் அவை வாங்கும் கருவிகளுக்கு விற்பனை வரியிலிருந்து விலக்குக் கொடுத்தது. பிறகு விதிகள் ஒரு நிலைக்கு வந்தபோது, 15 கோடி டாலர் முதலீடும் 50 வேலையும் காட்டினால் பெரும்பாலான இடங்களில் விலக்கு உண்டு என்றானது.

இதன் கணக்கை ஒரே ஒரு சர்வரை வைத்துச் சொல்கிறேன். விலை 10,000 டாலர். இந்தப் பகுதியில் விற்பனை வரி 6 சதவீதம். சாதாரணக் கடைக்காரர் வாங்கினால் 600 டாலர் கட்டுவார். எங்கள் பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் சுழியம். அடுத்து கவுன்ட்டியின் வரி. முதல் ஆண்டில் வாங்கிய விலையில் பாதியை மதிப்பாக எடுத்துக்கொண்டு, அன்றைய விகிதமான 100க்கு 4 டாலர் 20 சென்ட்படி 210 டாலர். ஆண்டுக்கு ஆண்டு மதிப்பு வேகமாகக் குறையும். நான்கைந்து வருடத்தில் பழைய சர்வரைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏற்றுவார்கள். மறுபடி முதல் ஆண்டு மதிப்பு, மறுபடி விற்பனை வரி விலக்கு. கட்டடம் ஒன்றுதான், உள்ளே வரி மட்டும் திரும்பத் திரும்பப் புதிதாகிறது.

இந்தக் கணக்கில் அதிகம் விட்டுக்கொடுப்பது மாநிலம், பெற்றுக்கொள்வது கவுன்ட்டி. வர்ஜீனியாவின் விற்பனை வரியில் ஒரு பகுதி மாநிலம் முழுவதும் உள்ள பள்ளிகளுக்குப் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி பிரித்துக் கொடுக்கப்படுகிறது. தென்மேற்கே நிலக்கரிச் சுரங்கங்கள் பல மூடிப்போன வைஸ் கவுன்ட்டிப் பள்ளிக்கும் அதில் பங்குண்டு. ஆஷ்பர்னில் ஒரு சர்வர் வரியில்லாமல் இறங்கும்போது அந்தப் பள்ளிக்குப் போக வேண்டியதிலும் கொஞ்சம் குறைகிறது. நாட்டிலேயே குடும்ப வருமானத்தில் முதலிடத்தில் இருக்கும் லவுடனுக்கோ வரி கூடுகிறது. சட்டமன்றத்தின் ஆய்வு ஆணையமான ஜேலார்க் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2023 நிதியாண்டில் மட்டும் இந்த விலக்கின் மதிப்பு 92.8 கோடி டாலர்.

விலக்கு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் இந்த முதலீட்டில் பெரும்பகுதி வேறு மாநிலத்துக்குப் போயிருக்கும் என்று அதே ஆணையம் 2019இல் மதிப்பிட்டது. கட்டுமானக் காலத்தில் ஒரு மையத்துக்கு உச்சமாக 1,500 பேர் வரை வேலை செய்கிறார்கள். கட்டி முடித்த பிறகு, இரண்டரை லட்சம் சதுர அடிக் கட்டடத்தில் ஐம்பது பேர் போல. எங்கள் மையத்தில் சாப்பாட்டு நேரத்தில் மேசைகள் பாதி காலியாகவே கிடக்கும்.

ஆள் குறைவு என்பதுதான் கவுன்ட்டிக்குப் பிடித்திருந்தது. டேட்டா சென்டர் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பாது. அதற்குச் செய்யும் ஒரு டாலர் செலவுக்கு 26 டாலர் வரி வருகிறது என்று கவுன்ட்டியே சொல்லிவந்தது. பல தொழில் மண்டலங்களில் பொது விசாரணை இல்லாமலேயே கட்டலாம் என்ற உரிமையும் இருந்தது. வரவு கூடக்கூட வீட்டு வரி இறங்கியது. இப்படி ஒரே தொழிலில் சாய்வதன் ஆபத்து 2021இல் தெரிந்தது: எதிர்பார்த்ததைவிடச் சுமார் 6 கோடி டாலர் குறைவாக வந்து, பட்ஜெட்டில் பள்ளம் விழுந்தது.

பெரிய பள்ளம் வீட்டில் விழுந்தது. டேட்டா சென்டர் கட்ட ஏக்கருக்குப் பத்து லட்சம் டாலர் கொடுக்க முடியும். பிறகு அதைப் போலச் சில மடங்கும் கொடுத்தார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு வீடு கட்டுபவரால் அந்த விலையில் நிலம் வாங்க முடியாது. விமானம் தாழப் பறக்கும் நிலத்தில் சத்தம் காரணமாக வீடு கட்ட எப்படியும் அனுமதியில்லை. அங்கே இந்தக் கட்டடங்கள் வந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை. மெட்ரோ பாதையின் கதை அப்படியில்லை. 2022 நவம்பரில் வாஷிங்டன் மெட்ரோ ரயிலின் வெள்ளித் தடம் ஆஷ்பர்ன் வரை வந்தது. பல ஆண்டு காத்திருந்து, பொதுப்பணம் கொட்டி வந்த ரயில். நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் மக்கள் குடியிருந்தால்தான் ரயிலுக்கு அர்த்தம். அந்தப் பகுதியிலும் ஜன்னலில்லாத சுவர்கள் எழுந்தன.

சட்டம் கைகொடுக்கவில்லையா என்று கேட்கலாம். 1993இலேயே லவுடன் ஒரு விதி கொண்டுவந்தது: பெரிய அளவில் வீடுகள் கட்டுபவர் ஒரு பங்கைக் கட்டுப்படுத்திய விலையில் தர வேண்டும். நல்ல விதி. ஆனால் அது வீடு கட்டினால்தான் செல்லும். டேட்டா சென்டர் கட்டினால் அதன்மேல் அந்தக் கடமை இல்லை. கவுன்ட்டி தானாக ஒரு கட்டணம் போட்டுவிடவும் முடியாது. மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டுமே உள்ளூர் அரசுக்கு உண்டு என்பது வர்ஜீனியாவின் வழக்கம். டில்லன் விதி என்பார்கள். ஆகவே இந்த ஊர்ப் பிரச்சினைக்குச் சாவி மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் இருக்கிறது.

என் மகள் படித்த தொடக்கப்பள்ளியில் ஓர் உதவி ஆசிரியை இருந்தார். வேலை இங்கே, வீடு அடுத்த மாநிலமான மேற்கு வர்ஜீனியாவில். காலையில் இருட்டோடு கிளம்பி, ஒன்பதாம் எண் சாலையில் ஹில்ஸ்பரோ வழியாக மலை இறங்கி வருவார். பள்ளியின் செலவில் கணிசமான பங்கு டேட்டா சென்டர் வரியிலிருந்து வருகிறது. அந்தப் பள்ளியில் வேலை செய்பவருக்கு இந்தக் கவுன்ட்டியில் வாடகை கட்டுப்படியாகவில்லை. வீடுகளின் நடுத்தர விலை 7 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. எங்கள் தெருத் தமிழ் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "வரி குறையுதுல்ல அண்ணே, அப்புறம் என்ன?" என்றார். வரி குறைவது வீடு வைத்திருக்கும் அவருக்கும் எனக்கும். வாடகைக்கு இருப்பவருக்கு அந்தச் சலுகை போய்ச் சேர்வதற்கு எந்த உறுதியும் இல்லை.

2022 ஜூலையில் மின்சாரக் கம்பெனியான டொமினியன், கிழக்கு லவுடனில் கேட்ட அளவுக்கு உடனே மின்சாரம் கொண்டுவரக் கம்பித்தடம் போதாது என்று அறிவித்தது. அதுவரை பேசாதவர்களும் அன்றிலிருந்து பேச ஆரம்பித்தார்கள். பக்கத்துப் பிரின்ஸ் வில்லியம் கவுன்ட்டியில், உள்நாட்டுப் போர் நடந்த மனாசஸ் களத்துக்கு அருகே சுமார் 2,100 ஏக்கரில் திட்டமிட்ட வளாகத்துக்கு 2023 டிசம்பரில் ஒப்புதல் தந்தார்கள். 2025இல் நீதிமன்றம் அந்த ஒப்புதல் செல்லாது என்றது. 2025 மார்ச்சில் லவுடனும், பொது விசாரணை இல்லாமல் கட்டும் உரிமையை எடுத்துவிட்டது. வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் அருகே சத்தத்தை முன்கூட்டி ஆராய வழிசெய்த மசோதாவை அதே ஆண்டு அப்போதைய ஆளுநர் கிளென் யங்கின் நிராகரித்தார். நவம்பரில் மின்கட்டண ஒழுங்குமுறை ஆணையம், மிகப்பெரிய மின் நுகர்வோருக்குத் தனிக் கட்டணப் பிரிவை ஏற்படுத்தியது. அவர்களுக்காகப் போடும் கம்பியின் செலவு சாதாரண வீட்டின் பில்லில் ஏறக்கூடாது என்பதற்காக.

மின்சாரத்தில் ஏற்றுக்கொண்ட அந்த நியாயத்தை வரியிலும் வீட்டிலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம். விலக்கு 2035 வரை நிற்கிறது. மிகப்பெரிய முதலீட்டாளர்கள் அதை 2040க்கும் 2050க்கும் நீட்டித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஒரு தலைமுறைக்குக் கையெழுத்திடும் சலுகைக்கு நிபந்தனை கேட்பது தவறில்லை. 2013இல் மாநிலம் தொடங்கிய வீட்டுவசதி அறக்கட்டளை நிதிக்கு அண்மை பட்ஜெட்டுகளில் ஒதுக்கியது ஆண்டுக்கு 9 கோடி டாலருக்கும் குறைவு. விட்டுக்கொடுக்கும் வரியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இனி விலக்குப் பெறும் ஒவ்வொரு கம்பெனியும், முதலில் வாங்கும் கருவிக்கு விலக்கை வைத்துக்கொள்ளட்டும். பழையதை மாற்றி வாங்கும்போது பாதி வரியாவது கட்டட்டும். அதை அறக்கட்டளை நிதிக்கும் தென்மேற்குப் பள்ளிகளுக்கும் பிரிக்கலாம். கூடவே, டேட்டா சென்டர் கட்டுபவரிடம் வீட்டுவசதிக் கட்டணம் வாங்கும் அதிகாரத்தைக் கவுன்ட்டிகளுக்குச் சட்டமன்றம் எழுதிக் கொடுக்க வேண்டும். மெட்ரோ நிலையத்தை ஒட்டி மிச்சமிருக்கும் நிலத்தை வீடுகளுக்கே ஒதுக்க வேண்டும்.

இதனால் கம்பெனிகள் ஓடிவிடும் என்பார்கள். புதிதாக வருபவர் வேறு மாநிலத்தைப் பார்க்கலாம், உண்மைதான். ஆனால் முப்பது ஆண்டுகளாகப் பூமிக்குள் சேர்ந்த ஃபைபரையும் அதைச் சுற்றி நிற்கும் கட்டடங்களையும் யாரும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. உள்ளே சர்வர் மாறிக்கொண்டே இருக்கப்போகிறது. அந்த ஒவ்வொரு மாற்றத்திலும் ஓர் ஆசிரியையின் வீட்டுக்கும் ஒரு சுரங்க ஊரின் பள்ளிக்கும் பங்கு கேட்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. வீடு வைத்திருக்கும் நாங்கள், எங்கள் வரி சில சென்ட் கூடினாலும் பரவாயில்லை என்று சொல்லி, அந்த உரிமையைக் கேட்கச் செய்ய வேண்டும்.