பட்டும் பூணூலும்

குசராத்து வணிகர் என்றதும் மயிலாப்பூரில் வாழும் நமக்கு நினைவில் எழுவது சௌகார்பேட்டை. திண்டு, பேரேடு, உண்டியல், வட்டி! “வணிகம் அவர்கள் குருதியில் ஊறியது, நமக்கு வராது” என்று பெருமூச்செறிவோர் பலர். குருதியில் ஊறுவதா தொழில்? அக்குசராத்தியரின் முன்னோர் சிலர் கல்லிலே விட்டுச்சென்ற விடையைக் காண்போம், தோழர்களே!

மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் கிடைத்த கல்வெட்டு அது. தென்குசராத்தாகிய இலாட நாட்டை விட்டுப் புறப்பட்ட பட்டு நெசவாளர் குழு, அவ்வூரில் குடியேறிக் கதிரவனுக்குக் கோயில் எடுத்ததையும், கி.பி. 473-இல் அதனைப் பழுதுபார்த்ததையும் கூறுகிறது. கோயில் கிடக்கட்டும். குழுவினரின் தொழில் பற்றி அது கூறுவதே நமக்கு வேண்டுவது. சிலர் தறியிலேயே நின்றனர். சிலர் வில்லேந்தினர். சிலர் கணியராயினர், சிலர் கதை சொல்வதில் வல்லவராயினர். தந்தை தறியில் அமர்ந்தான் என்பதற்காக மகனும் அமரவில்லை. அதனால் குழு குலைந்துவிடவுமில்லை! தம் பட்டின் சிறப்பை அதே கல்லில் பாடி வைத்து விளம்பரமும் தேடிக்கொண்டனர், கெட்டிக்காரர்கள்.

இவர்தம் வழிவந்தோரே மதுரைச் சௌராட்டிரர் என ஆய்வாளர் சிலர் கூறுவர். தேவகிரி, விசயநகரம் எனப் பல அரசுகளின் நிழலில் தங்கித் தெற்கே வந்தவர்கள் இவர்கள். நாயக்கர் ஆட்சியில் மதுரையில் வேரூன்றினர். வீட்டில் தம் மொழி, வீதியில் தமிழ். நெய்தனர், சாயமேற்றினர், விற்றனர். பட்டுநூல்காரர் என்று ஊர் அழைத்தது. பொருள் வந்தது. மதிப்பு?

இராணி மங்கம்மாள் காலம், 1689 முதல் 1706 வரை. ஆவணி அவிட்டச் சடங்கு செய்தனர் என்பதற்காக இக்குலத்தார் 18 பேர் சிறைபிடிக்கப்பட்டனர். பார்ப்பனர்க்குரிய சடங்கை நெசவாளி செய்யலாமா என்பது வழக்கு! சாத்திரிகள் கூடினர், ஏடுகளைப் புரட்டினர். செய்யலாம் என்று முடிவாயிற்று. ஓலையும் எழுதித் தரப்பட்டது. இதனை வெற்றி என்று எழுதுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நாட்டையே நூலால் உடுத்தியவர், மூன்று இழை நூலுக்காகச் சிறை சென்று, மன்றத்தில் நின்று, ஓலை பெற்றுத் திரும்பினர்! படிக்கட்டு அப்படியே இருந்தது. ஒரு படி ஏற இசைவு கிடைத்தது, அவ்வளவே. தறியின் பெருமையை அந்த அவையில் எடுத்துரைத்தவர் யார்?

அதே குலத்தில் தோன்றிய என்.எம்.ஆர். சுப்பராமன், 1939-இல் மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைய முன்னின்றவர்களுள் ஒருவர். அவர் காங்கிரசுக்காரர்தாம்; ஆயினும் சொல்லாமல் விடுவது முறையன்று.

மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியை நுனிவிரலால் கிள்ளி, நூலால் இறுக்கி, ஆயிரக்கணக்கில் முடிச்சிட்டுச் சாயத்துக்கு அனுப்பியவர்கள் பெரும்பாலும் அவ்வீடுகளின் பெண்கள். முடிச்சு அவிழ்ந்த இடத்தில் வெண்புள்ளி மலரும்; அந்தப் புள்ளிக்குத்தான் விலை. மங்கம்மாள் எனும் பெண்ணரசியின் அவை வழங்கிய நூலோ, ஆடவர் தோளுக்கு மட்டும்.